பிளாஸ்மா திரைகளில் நிறத்தரம்: முகத்தை உள்ளபடி காட்டுவது எப்படி?

பிளாஸ்மா தொலைக்காட்சிகளின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பானசோனிக் நிறுவனம் 2013 இன் இறுதியிலும், சம்சுங், எல்.ஜி ஆகிய நிறுவனங்கள் 2014 இலும் இவற்றின் தயாரிப்பைக் கைவிட்டன. ஆனால், ஏற்கெனவே விற்பனையான பெட்டிகள் எல்லாம் கழிவுக்குப் போய்விடவில்லை. வீடுகளிலும் கடைகளிலும் மண்டபங்களிலும் இன்னமும் இயங்குபவை உண்டு. பாவித்த பெட்டிகளாகக் கைமாறுபவையும் உண்டு.

இவற்றைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியவை. முகங்கள் சிவந்துபோய்த் தெரிகின்றன. புல்வெளி இயல்புக்கு மாறாக மின்னுகிறது. இரவுக் காட்சிகளில் புள்ளிகள் கொதிப்பது போல அசைகின்றன. குங்குமம் செம்மஞ்சளாகத் தோன்றுகிறது. இவற்றில் ஒரு பகுதி தொழினுட்பத்தின் இயல்பிலிருந்து வருவது. அதைப் பொறியியலாளர்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடிக் குறைத்தார்கள். மறுபகுதி, தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பை நாம் மாற்றாமல் விட்டதால் வருவது. அதை ஒரு மாலைப் பொழுதில், றிமோட்டைக் கொண்டே சரிசெய்துவிடலாம்.

நிறத்தரம் என்றதும் பளிச்சென்ற நிறம்தான் பலருடைய நினைவுக்கு வரும். ஆனால் ஒரு திரையின் தரத்தை அளக்கச் சிறந்த கருவி மனித முகம். நாம் நன்கு அறிந்த ஒருவரின் முகநிறம் சற்றே பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். எனவே, இக்கட்டுரை முழுவதும் முகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

திரைக்குள் இருப்பவை விளக்குகள்

பிளாஸ்மா திரை 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டொனால்ட் பிற்சர், ஜீன் சிலொற்றோ, அப்போது பட்டப்பின்படிப்பு மாணவராக இருந்த ரொபேர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளேற்றோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் முறைக்காக இதனை உருவாக்கினார்கள். அந்தத் திரையில் ஒரேயொரு நிறம்தான் இருந்தது. நியோன் வாயுவின் செம்மஞ்சள்.

முழு நிறத்துக்கு வர ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுத்தன. ஜப்பானின் பியூஜிட்சு நிறுவனம் 1992 இல் 21 அங்குல முழுநிறத் திரையையும், 1995 இல் 42 அங்குலத் திரையையும் அறிமுகப்படுத்தியது. நிறத்துக்குக் கையாளப்பட்ட வழி, குழல் மின்விளக்கின் வழியேதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நுண்ணிய கலங்கள். அவற்றுள் நியோன், செனன் வாயுக்களின் கலவை. மின்னழுத்தம் கொடுத்ததும் செனன் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வெளிவிடும். கலத்தின் சுவரில் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருள் அக்கதிரை உறிஞ்சிச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும்.

மூன்று கலங்கள் சேர்ந்தது ஒரு பிக்சல். 1920 x 1080 பிக்சல்கள் கொண்ட திரையொன்றில் இத்தகைய கலங்கள் 62 இலட்சத்துக்கு மேல் உள்ளன. எல்.சி.டி திரையில் பின்னாலுள்ள ஒரு வெளிச்சத்தை முன்னாலுள்ள படலம் மறைத்தும் திறந்தும் படம் காட்டுகிறது. பிளாஸ்மாவில் ஒவ்வொரு கலமும் தானே ஒரு விளக்கு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதிருப்பது இதனால்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்து பார்க்கும்போது, ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஒரே முகநிறம் தெரியும்.

மூன்று ஒளிர்பொருள்கள், மூன்று சிக்கல்கள்

நிறத்தின் அடித்தளம் ஒளிர்பொருளில் இருக்கிறது. பிளாஸ்மாவில் நெடுங்காலம் பயன்பட்ட மூன்றுக்கும் வெவ்வேறு பலவீனங்கள் இருந்தன.

சிவப்புக்குப் பயன்பட்டது யூரோப்பியம் சேர்ந்த இற்றியம் கடோலினியம் போரேற்று. நன்றாக ஒளிரும், நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதன் ஒளியின் பெரும்பகுதி 593 நனோமீற்றர் அலைநீளத்துக்கு அருகில், அதாவது செம்மஞ்சளில் விழுகிறது. குங்குமமும் கூறைச்சேலையும் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணம். இதற்கு இரண்டு தீர்வுகள் கையாளப்பட்டன. ஒன்று, ஆழ்ந்த சிவப்பைத் தரும் வனேடேற்று வகை ஒளிர்பொருளைக் கலப்பது. மற்றது, செம்மஞ்சள் ஒளியை மட்டும் உறிஞ்சும் சாயத்தை முன்கண்ணாடி வடிகட்டியில் சேர்ப்பது.

பச்சைக்குப் பயன்பட்டது மங்கனீசு சேர்ந்த நாக சிலிக்கேற்று. இதன் பச்சை மிகத் தூய்மையானது. அந்தத் தூய்மையே தொல்லையும் ஆயிற்று. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான சர்வதேச நியமம் கேட்கும் பச்சையை விட இது கடும் பச்சை. சமிக்ஞையை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் புல்லும் வயலும் பெயின்ற் அடித்தது போலத் தெரியும். மேலும், இது அணைய எடுக்கும் நேரம் அதிகம். வெண்ணிறப் பொருளொன்று கறுப்புப் பின்னணியில் வேகமாக ஓடினால், பின்னால் பச்சை வால் நீள்வது இதனால்தான். தேர்பியம் சேர்ந்த, விரைவாக அணையும் பச்சையைக் கலந்து இதனைக் குறைத்தார்கள்.

நீலம்தான் மூன்றிலும் நோஞ்சான். யூரோப்பியம் சேர்ந்த பேரியம் மகனீசியம் அலுமினேற்று என்னும் இப்பொருள், தயாரிப்பின்போது சூட்டடுப்பில் வைக்கப்படும் கட்டத்திலேயே ஒட்சியேற்றத்தால் ஓரளவு திறனை இழக்கிறது. அதன்பின், பாவனையின்போது புறஊதாக் கதிர் தொடர்ந்து படுவதால் மேலும் தேய்கிறது. நீலம் குறைந்தால் வெள்ளை மஞ்சளாகும். திருநீறு பழுப்பேறிய தாளின் நிறத்தில் தெரியும். சில உற்பத்தியாளர்கள் நீலக் கலத்தை மட்டும் மற்றவற்றை விட அகலமாக்கி இதனை ஈடுசெய்தார்கள். மிக எளிய தீர்வு. ஆனால் நல்ல பலன் தந்தது.

வாயுக் கலவைக்கும் நிறத்தில் பங்கு உண்டு. நியோன் வெளிவிடும் செம்மஞ்சள் ஒளி எல்லாக் கலங்களிலிருந்தும் கசிந்து, நீலத்தையும் பச்சையையும் கலங்கச் செய்கிறது. செனனின் வீதத்தைக் கூட்டினால் புறஊதாக் கதிர் கூடும். நியோனின் கசிவு குறையும். ஆனால் கலத்தைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படும். ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் இப்படி ஒரு விலை இருந்தது.

127 இலிருந்து 128 வரை

பிளாஸ்மா கலத்துக்கு மங்கலாக எரியத் தெரியாது. அது எரியும் அல்லது அணையும். அப்படியானால், கன்னத்தில் விழும் மெல்லிய நிழலை எப்படிக் காட்டுவது?

எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதே வழி. நம் நாட்டில் ஒளிபரப்பு செக்கனுக்கு 50 புலங்கள் கொண்டது. ஒரு புலத்தின் 20 மில்லி செக்கனை எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட துணைப்புலங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றின் ஒளி அளவுகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என வைத்தால், வேண்டியவற்றை மட்டும் எரியவிட்டு 0 முதல் 255 வரையான எந்தப் பிரகாசத்தையும் பெறலாம். கண் அவற்றைக் கூட்டி ஒரே ஒளியாகக் காண்கிறது. விளம்பரங்களில் வந்த 600 ஹேர்ட்ஸ் என்பதும் இந்தத் துணைப்புலங்களின் எண்ணிக்கையே. செக்கனுக்கு 600 படங்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 127 என்ற பிரகாசத்துக்கு முதல் ஏழு துணைப்புலங்களும் எரியவேண்டும். 128 க்கு அவை ஏழும் அணைந்து, எட்டாவது மட்டும் எரியவேண்டும். பிரகாசத்தில் வேறுபாடு ஒரு படிதான். ஆனால், எரியும் நேரம் முற்றிலும் இடம்மாறிவிடுகிறது. நகரும் முகத்தைக் கண் பின்தொடரும்போது, இவ்விரண்டின் எல்லையில் இரண்டு ஒளிகளும் கூடியோ இரண்டும் விடுபட்டோ கண்ணில் விழும். கன்னத்திலும் நெற்றியிலும், நிலப்பட உயரக்கோடுகள் போன்ற போலிக் கோடுகள் தோன்றுவது இப்படித்தான். சுவரில் அவை தெரிந்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். தோலில் தெரிந்தால் உடனே உறுத்தும். துணைப்புலங்களைக் கூட்டியும், அவற்றின் அளவுகளை இரட்டிப்பாக வைக்காமல் படிப்படியாகப் பங்கிட்டும் பிற்காலப் பெட்டிகளில் இதனை வெகுவாகக் குறைத்தார்கள்.

இருண்ட பகுதிகளில் இன்னொரு சிக்கல். தொலைக்காட்சிச் சமிக்ஞை பழைய படக்குழாயின் இயல்புக்கு ஏற்ப வளைத்து அனுப்பப்படுவது. பிளாஸ்மா அதனை நேராக்கவேண்டும். அப்படி நேராக்கும்போது 255 படிகளில் கீழேயுள்ள முதல் 20 படிகளும், ஒளியளவில் ஒரே படிக்குள் அடங்கிவிடுகின்றன. கருங்கூந்தல், மாலை நேர முற்றம், விளக்கு வெளிச்சத்தில் கருந்தோல் ஆகியவையெல்லாம் அந்த 20 படிகளுக்கு அண்மையில்தான் இருக்கின்றன. இடைப்படிகளை உண்டாக்கப் பெட்டி, அருகருகே உள்ள புள்ளிகளை மாறிமாறி எரியவிடுகிறது. கிட்டப் பார்த்தால் தெரியும் கொதிப்பு அதுதான். அது பழுது இல்லை. 42 அங்குலப் பெட்டியை இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளி இருந்து பார்த்தால் கண் அதனைக் கலந்து மறைத்துவிடும்.

கறுப்பும் ஒரு நிறமே

இருட்டு உண்மையில் இருட்டாக இல்லாவிட்டால் எல்லா நிறங்களிலும் சாம்பல் கலந்துவிடும். பிளாஸ்மா கலங்கள் உடனுக்குடன் பற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்கவேண்டும். அதற்காக, படத்தில் கறுப்பு இருக்கும் இடத்திலும் சிறு மின்னிறக்கம் நிகழ்த்தப்படும். அந்த மெல்லொளிதான் இருட்டைச் சாம்பலாக்கியது.

பயனியர் நிறுவனம் கலத்தினுள் மகனீசியம் ஒட்சைட்டுப் பளிங்குகளின் படையொன்றைச் சேர்த்து, மின்னிறக்கம் விரைவாக நிகழச் செய்தது. ஆயத்தநிலை ஒளியைக் குறைக்க இது வழிவிட்டது. 2007 இல் வெளிவந்த அதன் குரோ வரிசையும், அடுத்த ஆண்டின் மாதிரிகளும் கறுப்புக்குப் பெயர் பெற்றன. குரோ என்றால் ஜப்பானிய மொழியில் கறுப்பு. ஆனால் விற்பனை கைகொடுக்கவில்லை. 2009 இல் அந்நிறுவனம் தொலைக்காட்சித் துறையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கடையின் கடும் வெளிச்சத்தில் எல்.சி.டி பிரகாசமாகத் தெரிந்தது. பிளாஸ்மா மங்கிப்போய்த் தெரிந்தது. பெட்டியை வாங்குபவர் கடையில் நின்றுதானே தெரிவு செய்கிறார்.

வீட்டில் செய்யக்கூடியவை

மேலே சொன்னவை தொழிற்சாலையின் வேலை. கீழே வருபவை நம் வேலை. பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது. மின்இணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

1. பெட்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு, வழமையாகப் பார்க்கும் வெளிச்சத்தில் தொடங்குங்கள். யன்னல் வெளிச்சம் கண்ணாடியில் நேரே விழக்கூடாது.

2. பட முறையை டைனமிக் அல்லது விவிட் என்பதிலிருந்து சினிமா அல்லது மூவி என்பதற்கு மாற்றுங்கள். முன்னையது கடைக்கு, பின்னையது வீட்டுக்கு. முகச் சிவப்பின் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடும்.

3. நிறத்தைத் தானாகக் கூட்டும் வசதி, தானியங்கி மாறுநிலை, அறை வெளிச்ச உணரி ஆகியவற்றை நிறுத்துங்கள். இவை காட்சிக்குக் காட்சி நிறத்தை மாற்றுபவை. இவை இயங்கும்போது வேறு எதையும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

4. பிறைற்னஸ் என்பது உண்மையில் கறுப்பின் அளவைத் தீர்மானிப்பது. கருங்கூந்தலுள்ள இருண்ட காட்சியொன்றை நிறுத்திவைத்துப் பாருங்கள். கூந்தலின் இழைகள் தெரியும் அளவுக்கு உயர்த்தி, கறுப்பு சாம்பலாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள்.

5. கொன்ற்ராஸ்ற் வெள்ளையின் அளவு. வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறையாத அளவே மேல் எல்லை.

6. நிற வெப்பநிலையை வோர்ம் என்பதற்கு மாற்றுங்கள். படங்களைத் தயாரிப்பவர்கள் பின்பற்றும் வெள்ளை ஏறத்தாழ 6,500 கெல்வின். கூல் என்னும் அமைப்பு நீலச்சாயல் கொண்டது. மாற்றியதும் திரை மஞ்சளாகத் தெரியும். இரண்டு மூன்று நாட்களில் கண் பழகிவிடும். நீலத்தைக் குறைவாகச் செலவழிப்பதால், பலவீனமான அந்த ஒளிர்பொருளின் ஆயுளுக்கும் இது நல்லது.

7. இவை முடிந்த பின்னரே கலர் அளவைத் தொடுங்கள். முற்றாகக் குறைத்துவிட்டு, முகத்தில் இரத்த ஓட்டம் தெரியும் வரை மெல்ல உயர்த்துங்கள். தோல் செங்கல் நிறத்துக்குப் போனால் கூடிவிட்டது என்று பொருள். ஒரே முகத்தை நம்பாமல், வெவ்வேறு தோல்நிறமுள்ள பலர் இருக்கும் காட்சியைப் பாருங்கள்.

8. ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது விபரத்தைக் கூட்டுவதில்லை; ஓரங்களில் வெள்ளைக்கோடு போடுகிறது.

9. டி.வி.டி கருவியோ கணினியோ எச்.டி.எம்.ஐ வழியாக இணைக்கப்பட்டிருந்தால், இரண்டிலும் ஒளிவீச்சு ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். தொலைக்காட்சிச் சமிக்ஞையில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0, 255. இவை முரண்பட்டால் படம் வெளிறும், அல்லது இருண்ட பகுதிகள் அடைந்துபோகும்.

இதற்கு மேலும் செம்மைப்படுத்த விரும்புவோர் நிறமானியும் எச்.சி.எப்.ஆர் என்னும் இலவச மென்பொருளும் கொண்டு அளக்கலாம். அப்போது திரை முழுவதும் வெள்ளையாக்கி அளக்கவேண்டாம். பரப்பு முழுவதும் எரியும்போது மின்நுகர்வைக் கட்டுப்படுத்தப் பெட்டி தானே ஒளியைக் குறைத்துவிடும். நடுவில் சிறு சதுரத்தை மட்டும் ஒளிரவிட்டு அளப்பதே சரி. வேறொருவர் தன் பெட்டிக்குக் கண்ட எண்களை அப்படியே உங்கள் பெட்டியில் போடுவதும் பயன்தராது. ஒரே மாதிரியில் கூட ஒவ்வொரு திரையும் வேறு, தேய்வும் வேறு.

பழைய ஒளிநாடாக்களைப் பார்க்கும்போது

நம் குடும்பங்களில் பெரிய திரையில் ஓடுபவற்றுள் முக்கியமானவை புதுப்படங்கள் மட்டுமல்ல. எண்பது, தொண்ணூறுகளின் நினைவாக எஞ்சியிருப்பது, பலருக்கு ஒரு கல்யாண வீடியோ அல்லது ஒரு பிறந்தநாள் வீடியோ. வீட்டோடு அல்பங்களும் போய்விட்ட குடும்பங்களில், இப்போது இல்லாத ஒருவரின் முகம் அசைந்து பேசுவது வெளிநாட்டிலிருந்த உறவினரிடம் தப்பிய ஒரு வீ.எச்.எஸ் நாடாவில் மட்டுமே இருக்கலாம். அதை ஓரளவேனும் உண்மையான நிறத்தில் பார்க்க விரும்புவது இயல்பு.

முதலில் முறைமை. இலங்கையிலும் பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே போன்ற நாடுகளிலும் அக்காலத்தில் பால் முறை. கனடாவில் என்.ரி.எஸ்.சி. பிரான்சில் செக்காம். என்.ரி.எஸ்.சி முறைக்கு மட்டும் செய்யப்பட்ட பெட்டியில் பால் நாடாவை ஓட்டினால் படம் உருளலாம், அல்லது நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாக வரலாம். நாடாவில் நிறம் அழிந்துவிட்டது என்று எண்ணி அதை எறிந்துவிடாதீர்கள். நிறம் நாடாவில் இருக்கிறது. பெட்டிக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. பல முறைகளையும் வாசிக்கும் கருவியில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வீ.எச்.எஸ் நாடாவில் நிறத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகக் குறைவு. கூறைச்சேலையின் சிவப்பு அருகிலுள்ள சுவரில் வழிவது அதனால்தான். பெரிய திரையில் அது மேலும் தெரியும். கலரைக் கூட்டினால் வழிவும் கூடும். சற்றுக் குறைப்பதே நல்லது. படத்தை அகலத்துக்கு இழுக்காமல் 4:3 அளவிலேயே பாருங்கள். இழுத்தால் முகம் மாறிவிடும்.

நாடாவை டிஜிட்டலுக்கு மாற்றும்போது நிறத்தைத் திருத்தாத மூலப் பிரதியொன்றை முதலில் சேமித்துவிடுங்கள். திருத்தங்களை அதன் நகலில் செய்யலாம். இன்று உங்கள் திரைக்குச் சரியாகத் தெரியும் திருத்தம், நாளை வேறொரு திரையில் பிழையாகலாம். பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டவேண்டாம். அது நாடாவையும் கருவியையும் ஒருங்கே கெடுக்கும்.

வயதான திரை

ஒளிர்பொருள் எரிய எரியத் தேயும். முழுத்திரையும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் அசையாப் படம் நெடுநேரம் நின்றால், அந்த இடம் மட்டும் தேய்ந்து தழும்பாகிவிடும். நாள் முழுக்கச் செய்தி அலைவரிசை ஓடும் வீடுகளிலும் கடைகளிலும், அலைவரிசையின் இலச்சினையும் செய்தி ஓடும் பட்டையும் திரையில் பதிந்துவிடுவது இப்படித்தான். சில மணி நேரத்தில் மறைவது தற்காலிக எச்சம், மறையாதது தழும்பு. தழும்பை முற்றாக நீக்க வழியில்லை. கொன்ற்ராஸ்ற்றைக் குறைத்து வைப்பதும், ஒரே அலைவரிசையை விட்டுவைக்காதிருப்பதுமே காப்பு.

பாவித்த பெட்டியை வாங்குபவர்கள் அதன் எண்ணிக்கைகளைக் கேட்பதை விடத் திரையைச் சோதிப்பது நல்லது. ஒரு யூ.எஸ்.பியில் முழு வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்புப் படங்களைக் கொண்டுசென்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். தழும்பு சாம்பலிலும் நீலத்திலும் முதலில் தெரியும். வெள்ளை சற்று மஞ்சளாக இருந்தால் அமைப்பால் ஓரளவு திருத்தலாம். வெள்ளை இடத்துக்கு இடம் வேறுபட்டால் திருத்த முடியாது. முன்கண்ணாடியின் வடிகட்டிப் படலம் உரிக்கப்பட்டிருந்தால் வாங்காமல் விடுவது மேல். செம்மஞ்சளைத் தடுப்பது அதுதான். துடைக்கும்போதும் அமோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்து, உலர்ந்த மென்துணியையே பயன்படுத்துங்கள்.

பிளாஸ்மா போய், தானே ஒளிரும் கலங்களைக் கொண்ட ஓ.எல்.இ.டி திரைகள் வந்துள்ளன. அவற்றிலும் நீலம்தான் பலவீனம். இலச்சினை பதியும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே இங்கு சொன்ன ஒன்பது படிகளுள் பெரும்பாலானவை புதிய பெட்டிக்கும் பொருந்தும். எந்தத் திரையாயினும், சோதனைக்கு ஒரு முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த முகமாக அது இருக்கட்டும்.